ஒரகடம் தாண்டி, என் மகளைப் போல் ஒருத்தி

இந்தத் தளத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பஸ் நேரமும் தங்கும் இடமும் தேடித்தான் வருகிறீர்கள். இந்தப் பதிவிலும் பஸ் நேரம் உண்டு. ஆனால் போனது சுற்றுலா இல்லை. குரோம்பேட்டையிலிருந்து ஒரகடம், அங்கிருந்து வடக்குப்பட்டு பக்கம் ஒரு ஏரிக்கரை. போக வர எழுபது கிலோமீட்டர்கூட வராது. இதற்கு முன் மூணாறு, ராமேஸ்வரம் எல்லாம் போய் எழுதியிருக்கிறேன். எங்கேயும் எனக்கு முதுகு சில்லிட்டதில்லை.

முதலில் என் மகளைப் பற்றி. தேன்மொழிக்கு எட்டு வயது. அந்தப் பெயரை வைத்தபோது அவளுக்குப் பேச்சு வராது என்று எங்களுக்குத் தெரியாது. ஏஞ்சல்மேன் சிண்ட்ரோம் என்று இரண்டரை வயதில் சொன்னார்கள். கரு உருவாகும்போதே மரபணுவில் ஏற்பட்டுவிடுகிற கோளாறு, மூளையின் வளர்ச்சியைப் பாதிப்பது, ரொம்ப அரிது. நாம் சொல்வது அவளுக்கு நிறையவே புரியும், திருப்பிச் சொல்ல வார்த்தை கிடையாது. நடக்கும்போது இரண்டு கையையும் முழங்கையில் மடக்கித் தோள் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு, காலை அகட்டி, ஆடும் படகில் நிற்கிறவளைப் போல நடப்பாள். தூக்கம் நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம். தண்ணீரைப் பார்த்தால் பிடித்து நிறுத்த முடியாது. வலிப்பு உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே அந்தச் சிரிப்பு. சந்தோஷத்துக்கும் சிரிப்பாள், ஊசி போட்டாலும் சிரிப்பாள், நான் அழுதாலும் சிரிப்பாள். மூச்சை உள்ளே இழுத்து, ஒரு நொடி நிறுத்தி, பிறகு கொட்டுகிற சிரிப்பு. அதை நான் எந்தக் கூட்டத்திலும் அடையாளம் கண்டுகொள்வேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

எங்கள் தெருவில் சேகர் என்று ஒருவர், கம்பெனி பஸ் ஓட்டுகிறார். தினமும் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரகடம் போய்வருவார். போன மார்கழியில் ஒரு புதன்கிழமை மாலை, நான் மாவு வாங்கிக்கொண்டு திரும்பும்போது நிறுத்தினார்.

"இன்னாக்கா, பாப்பாவ எப்போ வடக்குப்பட்டு பக்கம் இட்டாந்தீங்க?"

"நான் எங்கயும் போகலியே சேகர். அவளுக்கு நேத்துலருந்து ஜுரம்."

"காலைல ஏழு மணிக்கு ஏரிக்கரைல நின்னுகினு இருந்துதே. தனியா. கைய தூக்கிகினு தண்ணியப் பாத்து சிரிக்குது. நான் ஹாரன் குடுத்தேன், திரும்பிப் பாத்துச்சி. நம்ம பாப்பாதான்க்கா."

சேகர் அவளைக் கைக்குழந்தையிலிருந்து பார்க்கிறவர். விளையாட்டுக்குச் சொல்கிற ஆளும் இல்லை. வீட்டுக்குப் போய்க் கதவைத் திறந்ததும் முதலில் அவள் படுக்கையில் இருக்கிறாளா என்று பார்த்தேன். இருந்தாள், நெற்றி சுட்டது. என்னைப் பார்த்துச் சிரித்தாள். என்ன அபத்தம் என்று தெரிந்தும் அவள் பாதத்தைத் தொட்டு ஈரமா என்று பார்த்தேன்.

அன்று மாலை கொஞ்ச நேரத்தில் புத்தி தெளிந்தது. இந்தக் குழந்தைகளுக்கு முகமே ஒரு ஜாடைக்கு வந்துவிடும் என்று படித்திருக்கிறேன். அகன்ற வாய், இடைவெளி விட்ட பற்கள், கொஞ்சம் முன்னால் நீண்ட தாடை, தட்டையான பின்மண்டை, வீட்டில் மற்றவர்களைவிட வெளுத்த முடி, நிறம். சேகர் பார்த்தது இன்னொரு குழந்தை. அப்படியென்றால் இரண்டு விஷயம். ஒன்று, இத்தனை வருடத்தில் வாட்ஸ்அப் படங்களில் தவிர நான் நேரில் பார்த்தேயிராத அந்த இன்னொருத்தி ஒன்றரை மணி நேர தூரத்தில் இருக்கிறாள். இரண்டு, அவள் தனியாக ஏரிக்கரையில் நின்றிருக்கிறாள். இந்தக் குழந்தைகள் தண்ணீருக்குள் இறங்குவார்கள். பயம் என்பது அவர்களுக்குத் தெரியாது. இரண்டாவதுதான் என்னை உட்காரவிடவில்லை.

சனிக்கிழமை கிளம்பினோம், நானும் தேன்மொழியும். என் கணவருக்கு அன்று வேலை. குரோம்பேட்டையில் 6.40க்கு மின்சார ரயில், தாம்பரம் 6.55. மேற்குப் பக்கம் இறங்கி, வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம் போகிற பஸ்ஸில் 7.20க்கு ஏறினோம். எனக்கு டிக்கெட் இருபத்தைந்து ரூபாய். இவளைப் போன்ற குழந்தையோடு போகிறவர்கள் டிரைவருக்குப் பின்னால் இருக்கிற இரண்டாவது சீட்டைப் பிடியுங்கள். ஜன்னல் பக்கம் குழந்தை, வழிப்பக்கம் நீங்கள். முன் சீட்டில் நீளமுடி வைத்தவர் இருந்தால் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுவது நல்லது.

முடிச்சூர், மண்ணிவாக்கம், கரசங்கால் வரை வெயில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. படப்பையில் ஷேர் ஆட்டோக்களுக்கு நடுவே பஸ் பத்து நிமிடம் நின்றது. அதைத் தாண்டியதும் பனி. மார்கழிப் பனியைச் சென்னையில் யாரும் ஒரு பொருட்டாக எடுப்பதில்லை. இங்கே அது ஏரிகளிலிருந்து எழுந்து சாலைக்கு வந்துவிடுகிறது. வீட்டுமனைகளில் நம்பர் போட்ட கற்கள் மட்டும் வரிசையாக நின்றன, வீடு ஒன்றுகூட இல்லை. ஆளில்லாத அந்தத் தெருக்களில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஜன்னலே இல்லாத நீளச் சுவர்கள். கண்ணாடியில் திரை போட்ட கம்பெனி பஸ்கள் எதிரே ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒரகடத்துக்கு முன்னால் ஒரு மைதானம் முழுக்க ஒரே மாதிரி வெள்ளைக் கார்கள், நூற்றுக்கணக்கில், நம்பர் இல்லாமல், பனி படிந்து நின்றன. தேன்மொழி ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டு அவற்றைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. அன்று காலையிலிருந்தே அவள் வழக்கத்தைவிட அமைதியாக இருந்தாள். ஜுரம் விட்ட அசதி என்று நினைத்தேன்.

ஒரகடம் கூட்டுரோடு 8.25. மேம்பாலத்துக்குக் கீழே டீ குடித்துவிட்டு ஒரு ஆட்டோக்காரரிடம் பேசினேன். ஐம்பது வயது இருக்கும், பெயர் முனுசாமி. வடக்குப்பட்டு பக்கம் ஏரிக்கரையில் ஒரு வீடு தேட வேண்டும், விலாசம் தெரியாது, ஒரு பெண் குழந்தை, நடை கொஞ்சம் மாறியிருக்கும், எப்போதும் சிரிக்கும் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற தேன்மொழியையே பார்த்தார்.

"இதான் உங்க கூடவே கீதே. அப்றம் யாரத் தேடறீங்க?"

"இது என் பொண்ணுங்க. நாங்க குரோம்பேட்டை."

அவர் இருநூறு என்றார், நான் பேரம் பேசவில்லை. திரும்பவும் கொண்டுவந்து விட வேண்டும், காத்திருக்க வேண்டும் என்று சொல்லி வைத்தேன். அப்படிச் சொல்லி வைத்தது எவ்வளவு நல்லதாயிற்று என்று அப்போது தெரியாது. வழியில் கண்ணாடி வழியாக அவர் இரண்டு மூன்று முறை அவளைப் பார்த்ததைக் கவனித்தேன்.

கூட்டுரோட்டிலிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டர். கடைசி அரை கிலோமீட்டர் மண்சாலை. குடும்பம் கேட்டுக்கொண்டதால் ஊரின் பெயரைப் போடவில்லை, அவர்கள் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். ஏரி கரை வரை நிரம்பியிருந்தது. எதிர்க்கரையில் தொழிற்சாலை ஒன்றின் விளக்குகள் பனிக்குள் மஞ்சளாகத் தெரிந்தன, கட்டடம் தெரியவில்லை. தண்ணீரைப் பார்த்ததும் தேன்மொழியின் கைகள் தோளுக்கு உயர்ந்தன. இறக்கிவிட்டு இடுப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்தாள். சோப்புக் கையோடு ஓடி வந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் மகளின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"யாரு நீ? இத எங்க இட்டுகினு போற? பிரின்சி, வா இங்க. உங்கம்மா எங்க?"

என் மகளை இன்னொரு பெயர் சொல்லி ஒருத்தி என்னிடமிருந்து பிடுங்குகிறாள். தேன்மொழியோ எந்த எதிர்ப்பும் இல்லாமல் அவளோடு இரண்டடி போனாள், அந்தப் பெயர் அவளுக்குப் பழக்கம் என்பதைப் போல. பிறகுதான் அந்தப் பெண் அவள் காதுத் தோட்டையும் சட்டையையும் பார்த்தாள். குனிந்து முகத்தைப் பார்த்தாள். கையை விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னாமா இது," என்று மட்டும் மெதுவாகக் கேட்டாள்.

அதற்கு நான் பதில் சொல்வதற்குள் அது கேட்டது. கரைக்குக் கீழே, ஆஸ்பெஸ்டாஸ் போட்ட லைன் வீடுகளில் கடைசி வீட்டிலிருந்து. மூச்சை உள்ளே இழுத்து, ஒரு நொடி நிறுத்தி, பிறகு கொட்டுகிற சிரிப்பு.

என் மகள் என் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்கிறாள். அவளுடைய சிரிப்பு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வருகிறது. என் கை தானாக அவள் வாயருகே போனது. தேன்மொழி தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு அவளும் சிரித்தாள். உள்ளே இருந்த சிரிப்பு நின்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி வந்தது. இவள் பதில் கொடுத்தாள். பனிக்குள் இரண்டு பக்கமும் ஒரே குரல். முனுசாமி ஆட்டோவை விட்டு இறங்கவில்லை.

அந்த வீட்டுக் கிரில் கேட்டில் உள்பக்கம் சங்கிலி சுற்றிப் பெரிய பூட்டு போட்டிருந்தது. கம்பிகளுக்கு நடுவே இரண்டு கைகள் வெளியே நீண்டிருந்தன. பக்கத்தில் போனதும் முகம். சேகரைக் குறை சொல்ல முடியாது. தேன்மொழியின் ஆறு வயதுப் போட்டோ என்னிடம் இருக்கிறது. அந்தப் போட்டோ கம்பிக்குப் பின்னால் நின்றது.

ஒரு ஆள் லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தார். ஜோசப், பிரின்சியின் அப்பா. கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார், அந்த வாரம் மதிய ஷிப்ட். முகத்தில் கடுகடுப்பு.

"இன்னா வேணும்? யாராச்சும் கம்ப்ளெயின்ட் குட்த்தாங்களா? பூட்டாம இன்னா பண்றது, கதவு தொறந்தா தண்ணிக்குப் பூடுது."

பிறகு தேன்மொழியைப் பார்த்தார். கேட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். "ஸ்டெல்லா," என்று உள்ளே கூப்பிட்டார்.

ஸ்டெல்லாவுக்குப் போன் தயாரிக்கிற கம்பெனியில் லைன் வேலை. தூத்துக்குடி பக்கத்துப் பெண், இங்கே வேலைக்கு வந்து ஜோசப்பைக் கட்டிக்கொண்டவள். அன்று அவளுக்கு வார விடுமுறை. வாசலுக்கு வந்தவள் சாவியை எடுத்துத் திறந்தாள். மண்டியிட்டு உட்கார்ந்து தேன்மொழியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தேன்மொழி அவள் தாலிச் சங்கிலியைப் பிடித்து வாயில் வைத்தாள்.

"இவளும் எல்லாத்தையும் கடிப்பா," என்றாள் ஸ்டெல்லா.

உள்ளே பாயில் உட்கார்ந்தோம். இரண்டு குழந்தைகளும் ஒருவரையொருவர் தொடவில்லை. எதிரெதிரே உட்கார்ந்து ஒரே சமயத்தில் கையை உதறினார்கள், ஒரே சமயத்தில் பிளாஸ்டிக் கவரை நொறுக்கி அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள். நாங்கள் இரண்டு பெண்களும் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தோம். எச்சில் ஒழுகுவது. குழந்தையாக இருந்தபோது பால் குடிக்கத் தெரியாதது. மூன்று வயதுக்கு மேல் நடந்தது. வெயில் தாங்காதது. காலை மூன்று மணிக்கே எழுந்து உட்கார்ந்துகொள்வது. நான் ஒன்று ஆரம்பித்தால் அவள் முடித்தாள். என் வீட்டுக்குள் இவள் எப்போது வந்து பார்த்தாள் என்று ஒரு கணம் தோன்றியது.

"எங்க மாமனார் செத்த அன்னைக்கு பெட்டி பக்கத்துல நின்னு சிரிக்கா," என்றாள் ஸ்டெல்லா. "அதுலருந்து ஊர்ல யாரும் இவள வீட்டுக்குள்ள விடமாட்டாங்க. பிசாசுன்னு ரெண்டு எடத்துல ஜெபம் பண்ணிப் பாத்தாச்சு. இவ வயித்துல இருக்கும்போது நா லைன்ல சால்டரிங் பண்ணேன், அந்தப் பொகைதான்னு இவங்க அம்மா சொல்லுதாங்க. எனக்கும் அப்படித்தான் தோணுது."

டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். மூன்று வயதில் ஒருவர் மனவளர்ச்சி குறைவு என்று எழுதிக் கொடுத்தாராம். அதற்குப் பிறகு எங்கேயும் போகவில்லை. வலிப்பு வந்ததுண்டா என்றேன். காய்ச்சலில் ஒருமுறை, கைக்குழந்தையாக இருக்கும்போது. வேறு இல்லை.

பதினோரு மணிக்குப் பனி விலகி வெயில் வந்தது. ஸ்டெல்லா தோசை ஊற்றிக் கொடுத்தாள். பிரின்சி தட்டில் கைவைத்தவள் அப்படியே நின்றுபோனாள். சிரிப்பு அணைந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. வாய் ஓரத்தில் எச்சில் கோடாக இறங்கியது. தலை ஒருமுறை தொங்கி நிமிர்ந்தது.

"ஆரம்பிச்சிடுச்சு," என்று ஸ்டெல்லா நிம்மதியாகச் சொன்னாள். அந்த நிம்மதிதான் எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. "இனிமே சாயங்காலம் வரைக்கும் தொந்தரவு கிடையாது. இப்ப ஒரு மாசமா வாரத்துக்கு ரெண்டு நாள் இப்படி அமைதியா உக்காந்துக்கிடுதா. ஜெபம் கேட்டுருக்குன்னு பாஸ்டர் சொன்னாரு. இந்த நேரத்துலதான் நா கொஞ்சம் தூங்குதேன்."

நான் பிரின்சியின் விரல்களைப் பிடித்தேன். வெளியே தெரியாத அளவுக்கு ஒரு நடுக்கம், போன் வைப்ரேஷனில் இருப்பதைப் போல. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். தம்ளரில் தண்ணீர் மொண்டு அவள் முன்னால் ஊற்றிக் காட்டினேன். தண்ணீரைப் பார்த்தே பிழைக்கிற குழந்தை, கண்ணைத் திருப்பவில்லை. தேன்மொழிக்கு நாலு வயதில் இது வந்தது. கை கால் இழுக்காத வலிப்பு. உடம்பு அமைதியாக இருக்கும், மூளைக்குள் அது ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். நான் அப்போது அதைக் களைப்பு என்று நினைத்து ஒன்றரை நாள் விட்டுவிட்டேன். அதுவரை படி ஏறிக்கொண்டிருந்தவள், அதற்குப் பிறகு மறுபடி படி ஏற எட்டு மாதம் ஆயிற்று.

மணி பார்த்தேன், 11.20. "ஜோசப், இது அமைதி இல்ல. இது வலிப்பு. இப்பவே ஆஸ்பத்திரி போகணும்."

"இழுக்கவே இல்லயே," என்றார் அவர். "நல்லாதான உக்காந்துகினு கீது. போன வாட்டி போனப்ப, புள்ள சிரிக்கறத பாத்துட்டு, இத எதுக்குக் கூட்டிகினு வந்தீங்கன்னு அந்த டாக்டரு எல்லார் முன்னாடியும் கேட்டாரு. நான் வரல."

வாதாட நேரமில்லை. என் போனில் நாலு வருடத்துக்கு முன் எடுத்த வீடியோ இருந்தது, ஆஸ்பத்திரியில் டாக்டர் எடுக்கச் சொல்லி எடுத்தது. போட்டுக் காட்டினேன். அதில் தேன்மொழி தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். தலை தொங்கி நிமிர்கிறது. எச்சில் கோடு. பின்னால் ஒரு டாக்டரின் குரல், எவ்வளவு நேரமாக இப்படி என்று கேட்கிறது. என் குரல், நேற்றிலிருந்து என்கிறது. பிறகு என் அழுகை.

ஜோசப் வீடியோவையும் தன் மகளையும் பார்த்தார். எது எது என்று அவருக்குக் குழம்பியிருக்க வேண்டும். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சட்டையைத் தேடினார்.

முனுசாமி ஆட்டோவில் ஐந்து பேர். ஸ்ரீபெரும்புதூர் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பதினெட்டு கிலோமீட்டர், நாற்பது நிமிடம். முனுசாமி அதுவரை வராத வேகத்தில் வந்தார், ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. பிரின்சி ஸ்டெல்லாவின் மடியில் பொம்மையைப் போல உட்கார்ந்திருந்தாள். வழி நெடுக தேன்மொழி சிரித்தாள். இடையிடையே நிறுத்தித் தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். பதில் வரவில்லை. மறுபடி சிரித்துப் பார்த்தாள். அது சிரிப்பாகவே எனக்குக் கேட்கவில்லை. கூப்பிடுகிறாள் என்று தோன்றியது. கடைசியில் அவளும் நிறுத்திக்கொண்டாள். ஆட்டோவுக்குள் இரண்டு குழந்தைகளும் சத்தமில்லாமல் இருந்த அந்தப் பத்து நிமிடம் பிரின்சியின் விரல்களை நான் விடவில்லை.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். நல்லபடியாகத்தான் பார்த்தார்கள். பணியில் இருந்த இளம் பெண் டாக்டர் முதலில் "மயக்கமா?" என்றார். நான் நாலு வருடமாக மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, விரல் நடுக்கம், கண், ஒரு மாதமாக வாரத்துக்கு இரண்டு தடவை. வீடியோவைக் காட்டினேன், தேன்மொழியையும் காட்டினேன். அவர் இரண்டு குழந்தைகளையும் பார்த்துவிட்டுப் போனை எடுத்துச் சென்னையில் ஒரு நரம்பியல் டாக்டரிடம் பேசினார். ஊசி போட்டார்கள். 12.35.

வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது ஸ்டெல்லா கேட்டாள். "எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்கக்கா. உங்களுக்கு எதனால வந்துச்சுன்னு சொன்னாங்க? நீங்களும் கம்பெனில வேலை பாத்தீங்களா?"

இந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டுதான் இருந்தேன். பாதியைச் சொல்லி நிறுத்திவிடலாமா என்று யோசித்தேன். ஜோசப்பும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"டெஸ்ட் எடுக்காம பிரின்சிக்கு இதுதான்னு நான் சொல்லக் கூடாது. தேன்மொழிக்குச் சொன்னதச் சொல்றேன். எல்லாருக்கும் அம்மா குடுத்தது ஒண்ணு, அப்பா குடுத்தது ஒண்ணுன்னு மரபணு ரெண்டு ரெண்டா இருக்கும். மூளையில இந்த ஒரு வேலைக்கு மட்டும் அம்மா குடுத்ததுதான் முழிச்சிருக்கும், அப்பா குடுத்தது தூங்கிடும். இவளுக்கு அந்த அம்மா பக்கத்துத் துண்டு விட்டுப்போச்சு. கரு ஆரம்பிக்கும்போதே. பொகையால இல்ல, சாப்பாட்டால இல்ல. யாரும் செஞ்சது இல்ல. காரணமே இல்லாம நடக்கறது."

"அம்மா பக்கத்துது," என்றாள் ஸ்டெல்லா.

"ஆமா. அதக் கேட்ட அன்னைக்கு நானும் உன்ன மாதிரிதான் உக்காந்திருந்தேன். ரெண்டு நாள் சாப்பிடல."

ஜோசப் தரையைப் பார்த்துக்கொண்டே, "எங்கம்மா ஆறு வருசமா இவளத்தான் சொல்லிகினு கீது," என்றார். "குடிச்சிட்டு நானும் சொல்லிகீறேன். ஒரு வாட்டி இல்ல." ஸ்டெல்லா அவரைப் பார்க்கவில்லை. அவரும் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. எழுந்து போய் டாக்டர் அறைக் கதவுப் பக்கம் நின்றுகொண்டார்.

இரண்டே முக்காலுக்கு உள்ளேயிருந்து சத்தம் வந்தது. மெல்லியதாக, கம்மலாக. மூச்சை இழுத்து, நிறுத்தி. ஸ்டெல்லா எழுந்த வேகத்தில் தண்ணீர் பாட்டில் உருண்டது. இத்தனை நாள் அந்தச் சிரிப்பு எப்போது அடங்கும் என்று காத்திருந்தவள், கதவில் முகத்தை வைத்து, "சிரிக்கா, சிரிக்கா," என்று யாரிடம் என்றில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மூன்று நாள் வைத்துப் பார்த்துவிட்டுச் சென்னைக்கு அனுப்பினார்கள். இஇஜி எடுத்தார்கள், மாத்திரை ஆரம்பித்தார்கள். மரபணுப் பரிசோதனை முடிவு ஏழு வாரம் கழித்து வந்தது. அதேதான். மாத்திரைக்குப் பிறகு அந்த 'அமைதி' இதுவரை வரவில்லை. ஏரிப் பக்கம் ஜோசப் நெஞ்சு உயரத்துக்கு வேலி போட்டிருக்கிறார், வாசலில் ஒரு பெரிய தொட்டி வைத்திருக்கிறார். ஒரு சாண் தண்ணீர், பக்கத்தில் எப்போதும் ஒரு ஆள். அவருடைய அம்மா இன்னும் புகையைத்தான் சொல்கிறாராம். ஊரும் பெரிதாக மாறிவிடவில்லை. துணி துவைத்த அந்தப் பெண் மட்டும் சில நாள் வந்து தொட்டி பக்கத்தில் உட்காருகிறாள்.

இதே மாதிரி குழந்தையோடு இந்தப் பக்கம் போகிறவர்களுக்குச் சில விஷயம். காலை ஏழரைக்கு முன்னால் தாம்பரத்தை விட்டுவிடுங்கள், ஷிப்ட் மாறுகிற எட்டு மணிக்கும் மதியம் இரண்டரைக்கும் ஒரகடம் கூட்டுரோட்டில் நிற்க முடியாது. படப்பைக்குப் பிறகு சுத்தமான கழிப்பறை எதையும் நான் பார்க்கவில்லை. மழைக்காலம் முடிந்த மூன்று மாதம் வழியெல்லாம் ஏரி நிரம்பியிருக்கும், கையை விடாதீர்கள். வெயில் காலத்தில் இந்தக் குழந்தைகளைப் பகலில் கூட்டிப்போகவே வேண்டாம். குழந்தையின் வலிப்பு எப்படி இருக்கும் என்று ஒரு நிமிட வீடியோ போனில் இருக்கட்டும். எல்லா வலிப்பு மாத்திரையும் இவர்களுக்கு ஒத்துவராது, எது ஆகாது என்று உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்கிப் பையில் வையுங்கள். எப்போதும் துறுதுறு என்று இருக்கிற குழந்தை காரணமில்லாமல் அடங்கிப் போனால் சந்தோஷப்படாதீர்கள். மணி பாருங்கள், கிளம்புங்கள்.

போன மாதம் ஸ்டெல்லா பிரின்சியைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். இருவரும் குளியலறையில் அரை வாளித் தண்ணீரோடு இருந்தார்கள், நாங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தோம். ஸ்டெல்லா தன் மகளைவிட என் மகளையே அதிகம் பார்த்தாள். எவ்வளவு உயரம், தானாகச் சாப்பிடுகிறாளா, டாய்லெட் சொல்கிறாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பிறகு, "ரெண்டு வருசம் கழிச்சு இவ எப்படி இருப்பான்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சுக்கா. இப்ப பயமில்ல," என்றாள்.

அவள் போன பிறகு வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் யாரும் இல்லை. இந்தக் குழந்தைகள் நீண்ட நாள் வாழ்கிறார்கள் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் இந்தத் தமிழ்நாட்டில் எங்கேயோ, பூட்டிய கிரில்லுக்குப் பின்னாலோ தொட்டி பக்கத்திலோ, முப்பது வயதில், நாற்பது வயதில் என் மகளின் முகம் இருக்கிறது. நீங்கள் அந்த வீட்டுக்காரராக இருந்தால், அல்லது பக்கத்து வீட்டுக்காரராக இருந்தால், கீழே ஒரு வரி எழுதுங்கள். எவ்வளவு தூரமாக இருந்தாலும் வருகிறேன். வர வேண்டாம் என்றால் வரவில்லை. அவர் இன்னும் சிரிக்கிறாரா என்று மட்டும் சொல்லுங்கள்.